"ஏன் சேர்?" என்று கேட்கும் பிள்ளை

கம்பஸுக்குக் கணினித்துறை கிடைத்துப் போகும் நமது பிள்ளைகள் அங்கே கணினிப் பாதுகாப்பும் படிக்கிறார்கள். பாஸ்வேர்ட் விடயம்தானே என்று நாம் நினைக்கிறோம். அது யாரை நம்புவது என்ற பாடம்.

யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தொம்சன், 1984இல் வெளியான தனது டியூரிங் விருது உரையில் ஒன்றைக் காட்டினார். புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்குள்ளேயே கள்ளக் கதவை ஒளித்து வைக்கலாம். மூல நிரலை வரிவரியாக வாசித்தாலும் அகப்படாது. கடைசியில் எழுதிய ஆளைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

அந்த ஆளே சரியில்லை என்றால்? எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்ற இலவச மென்பொருளுக்கு இரண்டு வருடங்களுக்கு மேல் நல்ல பிள்ளையாக உதவி செய்து, பொறுப்பையும் வாங்கிக்கொண்ட ஒருவர் 2024இல் அதற்குள் கள்ளக் கதவு வைத்தார். பிடித்தவர் அன்ட்ரெஸ் ஃப்ரொயின்ட் என்ற பொறியியலாளர். லொகின் ஆக அரை செக்கன் கூடுதலாகப் போனதை அவர் சும்மா விடவில்லை. (நாமென்றால் கவரேஜ் சரியில்லை என்றிருப்போம்!)

"ஏன் சேர்?" என்று கேட்கும் பிள்ளையை வாயாடி என்று உட்கார வைத்துவிட்டு, அதே பிள்ளையை இந்தத் துறைக்கு அனுப்பி என்ன பயன்? உயர்தர ஐசிடி வகுப்பிலேயே இந்த இரண்டு கதைகளையும் சொல்லலாம். ஒரு பாஸ்பேப்பரைக் குறைத்தால் நேரம் கிடைக்கும்.