ஜாக்கிசான் கார்ட்டூன் 'அங்கிள்', எங்க சின்ன தாத்தா, அப்புறம் ஒரு நோட்டு

டிஸ்கி: இது கார்ட்டூன் பதிவு. கூடவே கொஞ்சம் குடும்பச் சண்டையும் உண்டு. ரெண்டும் பிடிக்காதவங்க இப்பவே எஸ்கேப் ஆகிடுங்க.

2007-ல சன் குழுமம் சுட்டி டிவிய ஆரம்பிச்சப்போ எனக்குப் பத்து வயசு. தென்காசியில எங்க வீட்டு ரிமோட் யார் கையில இருந்தாலும் சரி, ஜாக்கிசான் போடுற நேரத்துக்கு என் கைக்கு வந்தாகணும். இல்லைன்னா அன்னைக்கு வீட்ல யாருக்கும் நிம்மதி கிடையாது. நான் சொல்றது கார்ட்டூன் ஜாக்கிசான். அமெரிக்காவுல 2000-லேருந்து 2005 வரைக்கும் அஞ்சு சீசன், 95 எபிசோட் ஓடின தொடர். நம்ம வீட்டுக்கு தமிழ் பேசிக்கிட்டே வந்துச்சு. (அதுல ஜாக்கிக்கு குரல் குடுத்தது ஜாக்கிசான் இல்லன்னு காலேஜ் போனப்புறம்தான் தெரிஞ்சுது. அவ்வ்வ்...)

கதை தெரியாதவங்களுக்கு சுருக்கமா. ஜாக்கி ஒரு தொல்லியல் ஆளு. சான் பிரான்சிஸ்கோவுல அவரோட அங்கிள் பழம்பொருள் கடை வெச்சிருக்கார். ஹாங்காங்லேருந்து ஜேடுன்னு ஒரு வாலு பொண்ணு அங்க தங்க வர்றா. சீன ராசி விலங்குகள் மாதிரி 12 மந்திரத் தாயத்து உலகம் பூரா சிதறிக் கிடக்கு. கல்லாகிப்போன ஷெண்டுங்கிற அரக்கனுக்கு அது பூராவும் வேணும். அதைத் தேடிக் குடுக்கிறதுக்கு ஒரு திருட்டுக் கும்பல் அலையுது. அவ்ளோதான்.

எல்லாரும் ஜாக்கியோட சண்டைக்காகத்தான் பாத்தாங்க. நான் பாத்தது அங்கிளுக்காக. அந்த மனுசனுக்கு தொடர் முழுக்க பேரே கிடையாது. ஜாக்கிக்கும் அங்கிள், ஜேடுக்கும் அங்கிள், ஊருக்கே அங்கிள். தன்னைப் பத்திப் பேசும்போதும் 'நான்'னு வராது, 'அங்கிள்'னுதான் வரும். நம்ம ஊர் முறைப்படி பாத்தா ஜேடுக்கு அவர் தாத்தா ஆகணும். எனக்கு அந்தக் கணக்கு அப்பவே சரியா விழுந்துடுச்சு. ஏன்னா எங்க வீட்டு மாடியிலேருந்து இறங்கினா கீழ கடையில அச்சு அசலா அதே மாதிரி ஒரு ஆள் உக்காந்திருப்பார்.

எங்க தாத்தாவோட தம்பி. கல்யாணம் பண்ணிக்கல. நாட்டு மருந்துக் கடை. சுக்கு, திப்பிலி, சித்தரத்தை, அதிமதுரம், கடுக்காய், ஜாதிக்காய்னு ஒரு சுவர் பூரா சின்னச் சின்ன இழுப்பறை. ஒண்ணுலயும் பேர் எழுதியிருக்காது. வசம்புக்கு 'பேர் சொல்லா மருந்து'ன்னு ஒரு பேர் உண்டு தெரியுமில்ல? அந்தக் கடைல எல்லாமே பேர் சொல்லா மருந்துதான். அவரும் அப்படித்தான். ஊருக்கே 'மருந்துக்கடைத் தாத்தா'. அவர் முழுப் பேரை நான் முதல் தடவையா படிச்சது கண்ணீர் அஞ்சலி போஸ்டர்ல.

குற்றாலம் சீசன் வந்தா கடைல கூட்டம் அள்ளும். ஜூன் மாசம் சாரல் ஆரம்பிச்சா போதும், ஐந்தருவில குளிச்சிட்டு நேரா வந்து 'தாத்தா சளி பிடிச்சிட்டு'ன்னு நிப்பாங்க. பொட்டலம் கட்டிக் குடுப்பார். ஆள் படி இறங்கினதும் "ஏய், இன்னொண்ணு கேட்டுட்டுப் போ"ன்னு கூப்பிடுவார். வெந்நியில போடணும்னு சொல்லுவார். மறுபடி இறங்கினா மறுபடி கூப்பிடுவார். மூணு தடவையாவது கூப்பிடாம ஒருத்தரையும் விட்டதில்ல. கார்ட்டூன் பாத்தவங்களுக்கு இப்ப சிரிப்பு வரணுமே! ஜாக்கியைத் திட்டி முடிச்சிட்டு, 'இன்னொரு விஷயம்'னு மறுபடி ஆரம்பிக்கிற அங்கிள் அப்படியே இவர்தான். அங்கிளோட மந்திரம் காண்டனீஸ் மொழி. பேய் பிசாசெல்லாம் சீக்கிரம் ஓடிப் போங்கன்னு அர்த்தம். பசங்க நாங்க பழைய குற்றாலத்துல தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு அதைக் கத்தினது தனிக் கதை.

சரி, மேட்டருக்கு வர்றேன்.

சின்ன தாத்தா போன வருசம் காலமாயிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு எல்லாரும் உக்காந்திருக்கும்போது கடைப் பேச்சு வந்துச்சு. அவர் கடைய அங்க இருபது வருசமா வேலை பாத்த அண்ணனுக்கே நடத்தக் குடுத்துட்டுப் போயிருக்கார். வாயால சொன்னது இல்ல, எழுதியே வெச்சிருக்கார். அத்தை அழுதுகிட்டே, "ரத்த சொந்தம் நாம இத்தனை பேர் இருக்கோம், வெளியாளுக்குத் தூக்கிக் குடுத்துட்டாரே"ன்னாங்க. யாரும் மறுத்துப் பேசல. நானும்தான்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. லேப்டாப்ல அந்தத் தொடரோட முதல் சீசன் கடைசி எபிசோடைப் பாத்தேன். பதிமூணாவது எபிசோட். ஷெண்டுவுக்கு 12 தாயத்தும் கிடைச்சு முழுசா எழுந்துடுவான். இத்தனை நாள் அவனுக்காக உழைச்ச கும்பலை அம்போன்னு விட்டுடுவான். அந்தக் கும்பல்ல டோருன்னு ஒரு மலை மாதிரி ஆள். அதுவரைக்கும் ஜாக்கியைத் தூக்கித் தூக்கி வீசினவன். அவன் இந்தப் பக்கம் வந்து சேர்றது அப்பதான். பத்து வயசுல எனக்கு இந்த எபிசோட்னா கடைசி டிராகன் சண்டைதான். இப்ப பாக்கும்போது கண்ணு டோருகிட்டயே நின்னுடுச்சு.

ஏன்னா அதுக்கப்புறம் நடக்கிறதை யோசிச்சுப் பாருங்க. அங்கிளோட வித்தை யாருக்குப் போகுது? ஜாக்கிக்குப் போகல. தூக்கி வளர்த்த பையன்தான், ஆனா அவருக்கு மந்திரத்துல நம்பிக்கையே கிடையாது, மியூசியம் மியூசியம்னு ஓடுவார். ஜேடுக்கு ஆசை உண்டு, பொறுமை கிடையாது. சிஷ்யனா உக்கார்றது டோரு. எதிரிக் கும்பல்லேருந்து வந்தவன், வேற நாட்டுக்காரன், சொந்தமே இல்ல. காய்ஞ்ச மீனை எடுத்துக் குடுக்கிறான், கஷாயம் கலக்குறான், திட்டு வாங்குறான், மறுபடி கலக்குறான். இதுல 'வெளியாள்' யாரு? என்னைக் கேட்டா, ஜாக்கிதான்.

இந்த இடத்துல நான் ஒண்ணை ஒத்துக்கணும். 2020-ல லாக்டவுன் போட்டதும் சென்னைலேருந்து ஊருக்கு வந்து, ஒண்ணரை வருசம் வீட்டு மாடியில உக்காந்து பொட்டி தட்டினேன். கடைக்கும் எனக்கும் நடுவுல பதினெட்டுப் படி. சின்ன தாத்தா கீழேருந்து குரல் குடுப்பார், "ஏல, சாயங்காலம் ஒரு மணி நேரம் வந்து உக்காரு, எந்த இழுப்பறையில எதுன்னாவது தெரிஞ்சுக்கோ." நான் ஹெட்போனைக் கழட்டாம, "மீட்டிங் தாத்தா"ம்பேன். பாதி நாள் மீட்டிங்கே கிடையாது. ஒரு கட்டத்துல அவர் கூப்பிடுறதை நிறுத்திட்டார். நான் அதைக் கவனிக்கக்கூட இல்ல.

அந்த அண்ணன் எட்டாவதோட படிப்பை விட்டவர். மூக்குல வெச்சுப் பாத்தே இது போன வருச திப்பிலியா இந்த வருசமான்னு சொல்லிடுவார். இருபது வருசமா மண்டையில சுண்டு வாங்கினவர். ஆஸ்பத்திரிக்கு கூட இருந்து படுத்ததும் அவர்தான். நாங்க சொந்தக்காரங்க எல்லாம் வீடியோ கால்ல நலம் விசாரிச்சோம்.

"இஞ்சினியர் படிச்சிட்டு மந்திரம், மூலிகைன்னு எழுதுறியே"ன்னு ஒருத்தராவது கேப்பீங்க. கஷாயம் எல்லாத்தையும் குணமாக்கும்னு நான் சொல்லல. சின்ன தாத்தாவே சொல்ல மாட்டார். மூணு நாள் காய்ச்சல்னு வந்தா "முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ"ன்னு துரத்துவார். நான் சொல்றது வேற. அங்கிளை கவனிச்சுப் பாருங்க, அவர் மந்திரம் சும்மா கையை ஆட்டினா வர்றதில்ல. ராத்திரி பூரா புத்தகம் புரட்டுவார், சேர்மானம் தப்பாகும், திரும்பப் பாப்பார். நாம பண்ற டீபக்கிங்தான் அது. அப்படி சேர்த்து வெச்ச ஒண்ணு, பக்கத்துல உக்காந்து பாத்தவனுக்குத்தான் ஒட்டும். அதை எப்படி ரத்த சொந்தத்துக்கு எழுதி வைக்க முடியும்?

இப்ப பிரச்சனை கடை இல்ல, நோட்டு. சின்ன தாத்தா கையெழுத்துல ஒரு நீள நோட்டு இருக்கு. எல்லாம் பலம், வராகனெடைக் கணக்குல இருக்கும். (ஒரு பலம் 35 கிராம். அண்ணனுக்கு இது தண்ணி பட்ட பாடு, நான் கூகுள் பண்ணித்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.) காரியம் அன்னைக்கே அப்பா அதை எடுத்து பீரோவுல வெச்சுப் பூட்டிட்டார். "கடைதான் போச்சு, இதாவது குடும்பத்துல இருக்கட்டும்"ங்கிறார். எங்க குடும்பத்துல அதை ஒரு வரி படிச்சுப் புரிஞ்சுக்கிற ஆள் ஒருத்தர் கிடையாது. அண்ணனுக்கு வாசிப்பு கொஞ்சம் தடுமாறும்தான், ஆனா பாதி வாசிச்சாலே மீதி அவருக்குக் கைப்பழக்கம். கேக்க சங்கடப்பட்டுக்கிட்டு ஒரே ஒரு தடவை கேட்டார், "தம்பி, அந்த லேகிய அளவு மட்டும் பாத்துச் சொல்றீங்களா?"

பொங்கலுக்குப் போனப்போ அப்பாவுக்குத் தெரியாம நாப்பத்தாறு பக்கத்தையும் மொபைல்ல போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பிட்டேன். பாதி பக்கத்துல எண்ணெய்க் கறை, எழுத்தே தெரியலையாம். நோட்டைத்தான் குடுக்கணும். அடுத்த மாசம் சாரலுக்கு ஊருக்குப் போறேன். அப்பாவை உக்கார வெச்சு முதல்ல அந்தப் பதிமூணாவது எபிசோடைப் போட்டுக் காட்டலாம்னு இருக்கேன். திட்டுவார். பாக்கலாம்.