நாலடி இடம் போதும், பழம் பறிக்க!



எங்கள் வேலம்பாளையத்தில் அடிக்கடி ஏதாவது ஒரு வீட்டு மரத்தை வெட்டிச் சாய்க்கிறார்கள். 'வேர் காம்பவுண்டுச் சுவரைத் தள்ளுது', 'கிளை கரன்ட் கம்பியில் உரசுது', 'இலை விழுந்து சாக்கடை அடைக்குது' என்று காரணம் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால், குற்றம் மரத்தின் மேல் இல்லையே! ஒன்றரை சென்ட் வீட்டில், தின்று போட்ட மாங்கொட்டை முளைத்ததை அப்படியே விட்டால், அது வீட்டைத் தாண்டி வளரத்தான் செய்யும்.

இடத்துக்கு ஏற்ற மரத்தை வைக்க வேண்டும். வைத்த பின் அதை அளவோடு நிறுத்தவும் தெரிய வேண்டும். 'எங்க வீட்டுல இடமே இல்லைங்க டீச்சர்' என்று சொல்லும் பிள்ளைகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

கனடாவில் 1960களில் ஓர் அதிசயம் நடந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில், 'மெக்கின்டாஷ்' ரக ஆப்பிள் மரம் ஒன்றில் ஒரே ஒரு கிளை மட்டும் வேறு மாதிரி வளர்ந்திருந்தது. இலைகள் நெருக்கமாக இருந்தன. பக்கக் கிளைகளே இல்லை. அந்தக் கிளையிலிருந்து வளர்த்த கன்றுகள் கம்பம் போல நேராக வளர்ந்து, தண்டை ஒட்டியே காய்த்தன. இங்கிலாந்தில் உள்ள ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையம், அதை மற்ற ஆப்பிள்களோடு சேர்த்துப் புதிய ரகங்களை உண்டாக்கியது. 'தூண் மரம்' என்று சொல்லத்தக்க அவற்றை, அங்கே வீட்டு வாசலில் தொட்டியில் கூட வளர்க்கிறார்கள்.

படத்தைப் பார்த்துவிட்டு, அந்தக் கன்றுதான் வேண்டும் என்று அப்பாவை நச்சரிக்காதீர்கள். அந்த மரத்துக்குப் பல நூறு மணி நேரம் கடுங்குளிர் வேண்டும். திருப்பூர் வெயிலுக்கு அது ஆகாது.

நமக்கு எதற்கு அது? நம்மூர் பப்பாளியும் தூண் மரம்தானே! பெரும்பாலும் கிளை கிடையாது, தண்டை ஒட்டியே காய். நட்ட பத்தாவது மாதம் வாக்கில் பழம் கிடைத்துவிடும். டில்லியில் உள்ள பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், காமாக் கதிர்களைச் செலுத்தி 'பூசா நன்ஹா' என்ற குள்ள ரகத்தை உருவாக்கியது. அது தரையிலிருந்து ஒரு அடி உயரத்திலேயே காய்க்கத் தொடங்கிவிடும். முதல் வகுப்புப் பிள்ளை கூட எட்டிப் பறிக்கலாம்! ஆனால், அதில் ஆண் செடி, பெண் செடி தனித்தனி. ஒரு செடி மட்டும் வைத்துவிட்டு, காய்க்கவில்லை என்று அழக் கூடாது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ.7 ரகத்தில் அந்தத் தொல்லை இல்லை. எந்தப் பப்பாளிக்கும் அடியில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும்; மேட்டில் நடுங்கள்.

'எனக்கு மாம்பழம்தான் வேண்டும்' என்கிறீர்களா? நம் மாவட்டத்திலேயே உடுமலைப்பேட்டை அருகே எலையமுத்தூரில், ஜெயின் நீர்ப்பாசன நிறுவனத்தின் பண்ணையில் மாமரங்களை மிக நெருக்கமாக வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். பத்து மீட்டருக்கு ஒன்று என்ற பழைய முறையில், ஏக்கருக்கு 40 மரம்தான் கொள்ளும். அங்கே வரிசைக்கு வரிசை மூன்று மீட்டர், மரத்துக்கு மரம் இரண்டு மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள்... ஏக்கருக்கு 674 மரம்! ரகசியம் கத்தரியில் இருக்கிறது. ஒட்டுக்கன்று நட்டு, சிறிதாக இருக்கும்போதே நுனியைக் கிள்ளி, ஒவ்வோர் ஆண்டும் காய் பறித்த உடனே கிளைகளை வெட்டிவிடுகிறார்கள். மரம் ஆள் உயரத்தைத் தாண்டிப் பெரிதாக வளர்வதில்லை. வீட்டில் ஒற்றை மரத்துக்கும் இதே வைத்தியம்தான். கொய்யாவுக்கும் செய்யலாம். மரத்தை அடியோடு வெட்டுகிறவர்கள், வருடத்துக்கு ஒரு நாள் கிளையை வெட்டியிருந்தால் என்ன?

நம்மூரில் தண்ணீர் வேறு ஒரு கஷ்டம். சாயக்கழிவு விஷயத்தில் 2011இல் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியேற்றாத நிலை வரும் வரை சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது உங்கள் பெற்றோருக்கு நினைவிருக்கும். பல இடங்களில் போர் தண்ணீர் உப்பாகத்தான் இருக்கிறது. மாவும் எலுமிச்சையும் உப்பைத் தாங்காது. இலை நுனி கருகும். சப்போட்டா, நெல்லி, மாதுளை ஓரளவு தாங்கும். அரிசி களைந்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாமல், செடிக்கு ஊற்றச் சொல்லி அம்மாவிடம் கேளுங்கள்.

லைன் வீட்டில் குடியிருப்பவர்கள், மாதுளையையோ கொய்யாவையோ டிரம்மில் வளர்க்கலாம். அடியில் ஓட்டை போட்டு, செம்மண், மணல், மக்கிய தொழுஉரம் மூன்றையும் சம அளவில் நிரப்புங்கள். கெமிக்கல் வந்த பேரல் மலிவாகக் கிடைக்கிறதே என்று யாராவது வாங்கி வந்தால், ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தின்கிற பழம் அல்லவா! வீடு மாறும்போது, தட்டுமுட்டுச் சாமான்களோடு டிரம்மையும் டெம்போவில் ஏற்றிக்கொள்ளலாம்.

சொந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. வாசல் முழுக்க சிமென்ட் பூச ஆள் வரும் நாளில் நீங்கள் பள்ளிக்குப் போயிருப்பீர்கள். முதல் நாளே சாக்பீஸை எடுத்து, சுவரை விட்டுத் தள்ளி, நாலடிக்கு நாலடி கட்டம் போட்டு, 'இங்கே பூச வேண்டாம்' என்று எழுதி வைத்துவிடுங்கள்.