பந்து கையில் இல்லாத வேளையில்

ஒவ்வோர் ஆண்டும் ஓகஸ்ட் மாத இறுதியில், அமெரிக்காவின் தேசிய உதைபந்தாட்ட லீக்கைச் சேர்ந்த 32 கழகங்களும் தமது குழாம்களைச் சுருக்குகின்றன. 90 பேர் கொண்ட பட்டியல் 53 பேராகக் குறைகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வேலை இழக்கின்றனர். அவர்களில் ஒரு பகுதியினர் மறுநாளே பயிற்சிக் குழாம்களில் மீளச் சேர்த்துக்கொள்ளப்படுகின்றனர். ஏனையோருக்கு அதுவே கடைசி வாய்ப்பாக அமைந்துவிடுவதும் உண்டு.

நியூ ஜேர்சியில் வசிக்கும் என் பெறாமகன் நியூயோர்க் ஜயன்ட்ஸ் கழகத்தின் தீவிர இரசிகன். அந்த வாரத்தில் அவனுடன் தொலைபேசியில் பேச நேர்ந்தால், ஊர்ப் புதினங்களை விசாரித்து முடித்த கையோடு பேச்சு 'ரன்னிங் பெக்' எனப்படும் வீரர்கள் மீது திரும்பிவிடும். குழாமில் அவர்களுக்கென மூன்று அல்லது நான்கு இடங்களே ஒதுக்கப்படும். அந்த இடங்களுக்கு எவர் தகுதியானவர்? "சித்தப்பா, இவன் ஓகஸ்ட்டில் எத்தனை யார்ட் ஓடினான் தெரியுமா?" என்பதே அவனது வாதத்தின் தொடக்கமும் முடிவும். இந்த அளவுகோலில்தான் எனக்கு உடன்பாடில்லை.

இந்த ஆட்டத்தை அறியாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். எமது பாடசாலைகளில் ஆடப்படும் றக்பியின் தூரத்து உறவினர் இது. ஆனால் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. றக்பியில், கையில் பந்தில்லாத வீரரை மறித்தால் அது தவறு. அமெரிக்க ஆட்டத்திலோ, பந்தில்லாத வீரர்களை மறித்துத் தம்மவர் ஓடுவதற்கு வழி திறப்பதே ஆட்டத்தின் பாதி. குவார்ட்டர்பெக்கின் கையிலிருந்து பந்தைப் பெற்று, முன்வரிசையினர் திறந்துவிடும் அந்த வழியால் பாய்பவரே ரன்னிங் பெக். அவர் கடக்கும் ஒவ்வொரு யார்ட்டிலும் முன்வரிசையில் முட்டி மோதும் ஐவரின் பங்கும் இருக்கிறது. புள்ளிவிபரத்தில் அது தெரிவதில்லை.

அப்படியாயின் முன்வரிசை நன்றாக இருந்தால் யார் ஓடினாலும் ஒன்றுதானே என்று கேட்கலாம். கடந்த பல ஆண்டுகளாகக் கழக நிருவாகிகள் நம்பிவந்ததும் இதையே. 2013, 2014 ஆகிய இரு ஆண்டுகளிலும் இளம் வீரர் தெரிவின் முதற்சுற்றில் ஒரு ரன்னிங் பெக் கூடத் தெரிவு செய்யப்படவில்லை. 2018 இல் பிற்ஸ்பேர்க் கழகத்தின் லேவியோன் பெல், ஓராண்டுக்கு மட்டும் வழங்கப்பட்ட 14.5 மில்லியன் டொலரை ஏற்க மறுத்து அந்தப் பருவகாலம் முழுவதும் விலகி நின்றார். அவருடைய இடத்தில் இறங்கிய ஜேம்ஸ் கோனர் 973 யார்ட்டும் 12 டச்டவுன்களும் பெற்றார். நிருவாகிகளுக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

ஆனால் இதற்கு எதிர்ச்சான்றும் உண்டு. அது என் பெறாமகனின் நெஞ்சில் இன்னமும் ஆறாத காயமாக இருக்கிறது. 2018 இல் முழுத் தெரிவிலும் இரண்டாவதாகத் தெரிவான சேகுவோன் பார்க்லியை ஜயன்ட்ஸ் கழகம் 2024 வசந்தத்தில் போகவிட்டது. அந்தக் கழகத்தின் உள்விவகாரங்களைக் காட்டிய தொலைக்காட்சித் தொடரில், பார்க்லி பிலடெல்பியாவுக்குப் போய்விட்டால் தமக்கு உறக்கம் வராது என்ற கருத்தில் கழக உரிமையாளர் ஜோன் மாரா பேசுவதை உலகமே பார்த்தது. பார்க்லி பிலடெல்பியாவுக்கே போனார். 3 ஆண்டுகளுக்கு 37.75 மில்லியன் டொலர் ஒப்பந்தம். அந்தப் பருவகாலத்தில் அவர் கடந்தது 2,005 யார்ட். 2025 பெப்ரவரியில் பிலடெல்பியா சுப்பர் பௌல் கிண்ணத்தையும் 40-22 என வென்றது. அதே பருவகாலத்தில் ஜயன்ட்ஸ் வென்ற ஆட்டங்கள் மூன்று மட்டுமே.

"எல்லாம் முன்வரிசையின் புண்ணியம்" என்று சொல்லி இதைத் தள்ளிவிட முடியாது. பிலடெல்பியாவின் முன்வரிசை மிகச் சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் 2023 இலும் அந்த முன்வரிசை சிறந்ததாகவே இருந்தது. அதன் பின்னால் ஓடிய டி'அன்ட்ரே ஸ்விஃப்ட் திறமையற்றவர் அல்லர்; அவர் பெற்றது 1,049 யார்ட். மறுபுறம், அதே 2023 இல் ஜயன்ட்ஸின் பலவீனமான முன்வரிசையின் பின்னால் பார்க்லி பெற்றது 962 யார்ட்தான். இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உண்மை புலப்படும். முன்வரிசை இல்லாமல் பார்க்லியும் சாதாரணரே. ஆனால் நல்ல முன்வரிசை கிடைக்கும்போது எல்லோரும் பார்க்லி ஆகிவிடுவதில்லை. ஆகவே முதல் இடத்துக்கு உரியவரை "எவரும் சரி" என்று தெரிவு செய்வது தவறு.

இனி, உண்மையான சர்ச்சைக்குரிய கடைசி இடத்துக்கு வருவோம்.

ஓகஸ்ட் மாதப் பயிற்சி ஆட்டங்களின் இறுதிப் பகுதியில் ஒருவர் 60 யார்ட் ஓடி இரசிகர்களை எழுந்து நிற்க வைக்கிறார். அவரைத் துரத்துபவர்களில் பெரும்பாலோர் அடுத்த வாரம் வேலை இழக்கப்போகிறவர்கள் என்பதை எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை. பயிற்றுநர்கள் அறிய விரும்புவது வேறு. குவார்ட்டர்பெக்கை நோக்கிப் பாயும் எதிரணி வீரரை, தன்னிலும் பாரமானவராயினும், இனங்கண்டு இடைமறிப்பாரா? ஆரம்ப உதையின் பின் பாய்ந்து சென்று எதிரணியாளரை விழுத்துவாரா? குழாமின் மூன்றாவது ரன்னிங் பெக்குக்கு ஓர் ஆட்டத்தில் இரண்டு தடவை பந்து கிடைத்தாலே அதிகம். மீதி நேரமெல்லாம் பந்து கையில் இல்லாத நேரமே. அந்த நேரத்தில் அவர் செய்வதைக் கொண்டே அவருடைய தகுதி அளக்கப்பட வேண்டும்.

இதற்கு வரலாறும் சாட்சி. 1995 இல் டென்வர் கழகம் டெரல் டேவிஸ் என்பவரை ஆறாவது சுற்றில், 196 ஆவது இடத்தில் தெரிவு செய்தது. ரன்னிங் பெக்குகளின் வரிசையில் அவர் கடைக்கோடியில் நின்றார். அந்த ஓகஸ்ட்டில் டோக்கியோவில் நடைபெற்ற பயிற்சி ஆட்டமொன்றில், ஆரம்ப உதையின் பின் ஓடிச்சென்று பந்தேந்தி வந்த எதிரணி வீரரை அவர் மோதி வீழ்த்திய விதம் பயிற்றுநர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. பந்து கையில் இல்லாத வேளையில் செய்த ஒரு காரியமே அவரைக் காப்பாற்றியது. மூன்றாண்டுகளில் அவர் சுப்பர் பௌலின் சிறந்த வீரரானார். 1998 இல் 2,008 யார்ட் ஓடினார். 2017 இல் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார்.

ரஹீம் மொஸ்டர்ட்டின் கதையும் இத்தகையதே. 2015 இல் எவராலும் தெரிவு செய்யப்படாதவர்; ஆறு கழகங்களால் கைவிடப்பட்டவர். ஏழாவதான சான் பிரான்சிஸ்கோவில், உதையாட்டக் குழுவில் ஓடி ஓடித் தனது இடத்தைக் காத்துக்கொண்டார். 2020 ஜனவரியில், சுப்பர் பௌலுக்கு முந்திய ஆட்டத்தில் கிரீன் பே கழகத்துக்கு எதிராக 220 யார்ட், நான்கு டச்டவுன். அவரை விலக்கிய ஆறு கழகங்களும் பெரும்பாலும் வீட்டிலிருந்தபடி அதைப் பார்த்திருக்கும்.

கழகங்களை ஏமாற்றும் இன்னொன்று தெரிவு இலக்கம். உயர்ந்த இடத்தில் தெரிவானவரை வெளியேற்றுவது தெரிவு செய்தவரின் பிழையை ஒப்புக்கொள்வது போலாகும். ஆகவே அவர் தங்கிவிடுகிறார். கன்சாஸ் சிற்றி கழகம் 2022 இல் இந்த வீம்பைக் கைவிட்டது. முதற்சுற்றில் தெரிவான கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர் இருக்கத்தக்கதாகவே, 251 ஆவதாகத் தெரிவான புதியவர் ஐசாயா பச்சேகோவுக்கு முதலிடம் வழங்கப்பட்டது. அந்தப் பருவகாலத்தின் கிண்ணமும் அவர்களுக்கே கிடைத்தது.

இவ்வளவும் கழகத்தின் பக்கத்திலிருந்து பேசியது. வீரனின் பக்கத்திலிருந்தும் ஒரு சொல் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை முழுமை பெறாது.

இளம் வீரர் ஒருவர் தெரிவு செய்யப்படும்போது நான்கு ஆண்டு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திடுகிறார். முதல் மூன்று ஆண்டுகள் அதை மாற்றிப் பேசவும் முடியாது. முதற்சுற்று வீரராயின் ஐந்தாவது ஆண்டையும் கழகமே தீர்மானிக்கலாம். அதன் பின்னரும் ஓராண்டுத் தொகை கொடுத்து மறித்து வைக்கலாம். இத்தனையும் முடியும்போது அவருக்கு 26, 27 வயது. குவார்ட்டர்பெக்குக்கு அது தொடக்க வயது. ஒவ்வோர் ஆட்டத்திலும் இருபது தடவை மோதுண்டு விழும் ரன்னிங் பெக்குக்கோ அது முதுமை. டெரல் டேவிஸின் முழங்கால் 1999 இல் சிதைந்தது. அவர் ஆடிய மொத்த லீக் ஆட்டங்கள் 78 மட்டுமே. மலிவாக இருக்கும் காலத்தில் உடலை எடுத்துக்கொண்டு, விலை பேசும் காலம் வந்ததும் "நீ தேய்ந்துவிட்டாய்" என்று சொல்வதைக் கறிவேப்பிலைக் கணக்கு என்றுதான் சொல்ல வேண்டும். கறிக்கு வாசம் தரும்வரை சட்டியில்; பரிமாறியதும் கோப்பையின் ஓரத்தில்.

வீரர் சங்கம் இதற்கு உடன்பட்டுத்தானே கையெழுத்திட்டது என்பார்கள். உண்மைதான். நடைமுறையிலுள்ள கூட்டு உடன்படிக்கை 2030 பருவகாலம் வரை செல்லும். ஆனால் சங்கத்தில் ரன்னிங் பெக்குகள் சிறுபான்மையினர். பெரும்பான்மையின் வாக்கால் நிறைவேறிய ஒன்று சிறுபான்மைக்கும் நியாயமானதாகிவிடாது என்பதை எமக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. அடுத்த உடன்படிக்கையில் இவர்களுக்கு மட்டுமாவது முதல் ஒப்பந்தம் மூன்று ஆண்டுகளாகக் குறைக்கப்பட வேண்டும். முதல் இரண்டாண்டுகளில் அதிகம் உழைத்தவருக்கு மூன்றாம் ஆண்டில் விலை பேசும் உரிமையும் வேண்டும்.

என் பெறாமகனுக்கு நான் சொல்வது இதுதான். முதல் இடத்துக்கு உரியவரை அவருடைய முன்வரிசையுடன் சேர்த்து எடைபோடு. கடைசி இடத்துக்கு உரியவரைப் பந்து அவர் கையில் இல்லாத வேளையில் பார். இரண்டு இடங்களுக்கும் நடுவே நிற்பவர் எவராயினும், அவருடைய முழங்கால்களுக்கு ஒரு கணக்கு உண்டு என்பதை மறந்துவிடாதே. அந்தக் கணக்கைத் தீர்க்காத கழகம் கிண்ணம் வென்றாலும் கடனாளியே.