கொடுத்த விலையைத் திரும்பக் கேட்டல் இழிவாகுமா?

‘வாபஸ்’ என்பது பாரசீகத்தில் பிறந்து உருது வழியாகத் தமிழகம் வந்து சேர்ந்த சொல். வேட்புமனு வாபஸ், வழக்கு வாபஸ், வேலைநிறுத்தம் வாபஸ் என நாளிதழ்களில் நாள்தோறும் அதனைக் காண்கிறோம். ஆயினும் ‘பணம் வாபஸ்’ என்னும் தொடர் நம் கடைத்தெருவில் காதில் விழுவது அரிது. அங்கு ஆட்சி செய்வது வேறொரு தொடர்: ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’. துணிக்கடை, பாத்திரக்கடை, மரச்சாமான் கடை என எங்கு நோக்கினும் சுவரிலும் சீட்டின் அடியிலும் இவ்வாசகம் அச்சேறியிருக்கும். ‘பெறப்படாது’ என்றாலே போதும். ‘பெறப்படமாட்டாது’ என நீட்டியது யார் செய்த பிழையோ அறியேன். பிழையான அத்தொடரைப் பல்லாண்டுகளாகப் படித்துவரும் நாம் அதன் இலக்கணத்தையும் ஐயுற்றதில்லை. அதன் நேர்மையையும் ஐயுற்றதில்லை. நானும் ஐயுறாதவனே, 2022ஆம் ஆண்டு வரை.

அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் களமருதூரில் என் தமக்கையார் மகளுக்கு நிக்காஹ் நடைபெற்றது. தாய்மாமன் என்ற முறையில் கட்டிலும் துணி வைக்கும் மர அலமாரியும் வாங்கித் தருவது என் பொறுப்பாயிற்று. அருகிலுள்ள நகரொன்றில் பெரிய கடை. கட்டில் 22,000 ரூபாய், அலமாரி 30,000 ரூபாய் எனப் பேசி முடித்தோம். இரண்டும் தேக்கு என்றார் கடைக்காரர். நான் கேட்டுக்கொண்டதற்கிணங்கச் சீட்டிலும் ‘தேக்கு’ என்று தம் கையாலேயே எழுதினார். அச்சீட்டு முறையான விற்பனைச் சீட்டன்று. ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட துண்டுத்தாள். பில் போட்டால் 18 விழுக்காடு வரி சேரும், ஒன்பதாயிரத்துக்கு மேல் கூடும், எதற்கு வீண் செலவு என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பிறர் குற்றத்தைப் பேசப் புகுமுன் என் குற்றத்தை ஈண்டு ஒப்புக்கொள்கிறேன். அரசுக்குச் சேரவேண்டிய வரியை ஏய்ப்பதில் அன்று நானும் அவரும் கூட்டாளிகள். முன்பணம் 20,000 ரூபாயைக் கைப்பேசி வழியாகவும் எஞ்சியதை ரொக்கமாகவும் கொடுத்தேன்.

நவம்பர் மழையில் அலமாரியின் அடிப்பகுதி ஊறிப் பொருமியது. தேக்கு நீரில் ஊறினாலும் இவ்வாறு பொருமாது. மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு பொருமும். அதன்மேல் தேக்கின் ரேகைபோல் அச்சிட்ட தாளை ஒட்டியிருந்தனர். விளிம்பில் தாள் உரிந்ததும் உள்ளே தவிட்டு நிறத்தில் மரத்தூள் உதிரத் தொடங்கிற்று. கட்டிலின் தலைமாட்டுப் பலகையும் அத்தகையதே. இதனை முதலிற் கண்டவள் என் மருமகள். கண்டவள் ஒரு மாத காலம் யாரிடமும் கூறவில்லை. உதிர்ந்த தூளை விடியற்காலையில் மாமியார் எழுமுன் கூட்டி அள்ளிவிட்டு, அடிப்பகுதி தெரியாதவாறு பழைய சேலையொன்றைத் தொங்கவிட்டிருக்கிறாள். தாய்வீட்டுப் பொருள் மட்டம் என்ற பேச்சு எழுந்துவிடக் கூடாதே என்னும் அச்சம். பொய் சொன்னவர் கடையில் கவலையின்றி அமர்ந்திருக்க, பொய்யை மூடி மறைக்கும் வேலை பதினெட்டுக் கல் தொலைவில் ஒரு புதுப்பெண்ணின் தலையில் விழுந்தது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது இழந்த பணமன்று, அச்சேலையே.

கடைக்குச் சென்றேன். ‘பாய், சீட்டைத் திருப்பிப் பாருங்க’ என்றார். பின்புறத்தில் மேற்சொன்ன வாசகம் இருந்தது. ‘கல்யாணத்துக்கு வாங்கின பொருளைத் திருப்பிக் கொண்டாந்தா நல்லாவா இருக்கும்?’ என்றும் கேட்டார். அவருடைய கேள்வி என் வீட்டாரின் கேள்வியாகவும் இருந்ததுதான் வியப்பு. மச்சான், ‘சம்பந்தி வீட்டு வாசலிலிருந்து பொருளை வண்டியில் ஏற்றினால் ஊர் என்ன பேசும்?’ என்றார். மஹல்லாப் பெரியவர் ஒருவர், ‘ஒரு பீரோவுக்காகவா வழக்குக்குப் போவது? சபூர் செய்யுங்கள்’ என்றார். பொறுமை உயர்ந்த பண்புதான். ஆனால் ஏமாற்றப்பட்டவனிடம் மட்டும் அதனை வலியுறுத்துவது என்ன நீதி என்பது எனக்கு விளங்கவில்லை.

அந்நிலையில் என் கண்ணைத் திறந்தவர் எங்கள் ஊர் மதரஸாவில் நெடுங்காலம் ஓதிக்கொடுத்த மூத்த ஹஜ்ரத் ஒருவர். சட்டப்புத்தகம் எதனையும் அவர் தொட்டதில்லை. ‘கியாருல் ஐபு தெரியாதா உங்களுக்கு?’ என்று கேட்டார். குறை கண்டவிடத்து வாங்கியதை மறுக்கும் உரிமை என்று அதனைத் தமிழாக்கலாம். ஹனஃபீ மரபில் அது வகுக்கப்பட்டுள்ள விதத்தை அவர் விளக்கினார். விற்றவர் கையில் இருந்தபோதே பொருளில் குறை இருந்து, வாங்கியவர் அதனை அறியாமல் பெற்றிருப்பாராயின், அவருக்கு இரு வழிகள் உண்டு: பேசிய முழு விலைக்கே பொருளை வைத்துக்கொள்ளலாம், அல்லது பொருளைத் திருப்பிக் கொடுத்து முழு விலையையும் பெறலாம். பொருளையும் வைத்துக்கொண்டு விலையையும் குறை என்று விற்றவரைக் கட்டாயப்படுத்த இயலாது. ஆனால் வாங்கியவர் கைக்கு வந்தபின் பொருளில் புதிதாக வேறொரு குறை நேர்ந்துவிட்டால் நிலை மாறுகிறது. விற்றவர் இசைந்தாலன்றித் திருப்பிக் கொடுக்க முடியாது. பழைய குறையால் குறைந்த மதிப்பை மட்டும் கேட்டுப் பெறலாம். உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்து வெளியிட்ட ‘மஜல்லா’ என்னும் உரிமையியற் சட்டத்திலும் இவ்வுரிமை விரிவாக இடம்பெற்றது.

இப்பாகுபாட்டின் நுட்பம் என்னை வியக்க வைத்தது. ஏனெனில் எங்கள் கட்டிலை மாடிக்கு ஏற்றுகையில் பையன்கள் அதன் கால் ஒன்றைப் பிளந்துவிட்டிருந்தனர். அது எங்கள் கைக்குற்றம். அலமாரிக்கு ஒரு நீதி, கட்டிலுக்கு வேறொரு நீதி என்பது அப்போதே தெளிவாயிற்று.

நபிகள் நாயகம் (ஸல்) கடைவீதியில் தானியக் குவியலொன்றினுள் கையை விட்டு, மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருக்கக் கண்டு, ஈரத்தை ஏன் மேலே வைக்கவில்லை என வணிகரைக் கடிந்த நிகழ்ச்சியை அறியாதார் நம்மில் இலர். களத்து நெல்லில் ஈரத்தை அடியில் வைத்து அளக்கும் வித்தையை அறிந்த உழவர் நாட்டில் அந்நிகழ்ச்சிக்குப் பொழிப்புரை தேவையில்லை. துணி வணிகராகவும் விளங்கிய இமாம் அபூஹனீஃபா, தம் கூட்டாளி குறையைச் சொல்லாமல் துணியை விற்றுவிட்டதை அறிந்து, அவ்விற்பனைப் பணம் முழுவதையும் தருமம் செய்துவிட்டதாக வரலாற்றாசிரியர் எழுதுவர். இவற்றை மேடையில் உருக்கமாகக் கேட்டுவிட்டுக் கடையில் ‘எஸ்டிமேட்’ சீட்டு வாங்கி வருவதே நம் வழக்கமாயிற்று.

தமிழ் மரபும் இதில் பின்தங்கியதன்று. புகார் வணிகர் மிகுதியாகக் கொள்ளாமலும் குறைவாகக் கொடாமலும் வாழ்ந்த செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுவதை வணிகரின் இயல்பாக வள்ளுவர் வைத்தது நடுவுநிலைமை அதிகாரத்தில் என்பது நோக்கத்தக்கது. எனினும் இவையெல்லாம் விற்பவருக்குச் சொன்ன அறங்கள். விற்பவர் அறம் தவறினால் வாங்கியவர் செய்யத்தக்கது யாது என்பதை நம் பேரிலக்கியங்கள் அதிகம் பேசவில்லை. (சிலம்பு விற்கப் போனவன் கதையை நினைவூட்டுவோர் உளர். அங்கே உயிரிழந்தவன் விற்க வந்தவன். நம் வழக்கு அதற்கு நேர்மாறானது.)

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் ஆங்கிலேயச் சட்டத்தின் வழிவந்தது. ‘வாங்குபவனே எச்சரிக்கையாயிரு’ என்பது அதன் பொதுவிதி. ஆயினும் பெயர்சொல்லி விற்ற பொருள் அப்பெயருக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும் என்பதை அச்சட்டமும் விதிக்கிறது. தேக்கு என்று விற்றால் தேக்காக இருத்தல் வேண்டும். 1986இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எச்சரிக்கையாயிருக்கும் சுமையை விற்பவர் தோளுக்கு மாற்றத் தொடங்கிற்று. அதற்கு மாற்றாக இயற்றப்பட்ட 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது.

அதன் 2ஆம் பிரிவின் 47ஆம் உட்பிரிவை மாணவர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் படித்தல் வேண்டும். நேர்மையற்ற வணிகமுறைகள் எவை என அது விரித்துரைக்கிறது. பில் தராமை அவற்றுள் ஒன்று. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது மற்றொன்று. சீட்டில் குறித்த காலத்துக்குள் தரவேண்டும். காலம் ஏதும் குறிக்கப்படாவிட்டால் 30 நாள்களுக்குள் தரவேண்டும். அவ்வாறாயின் சுவரில் தொங்கும் அவ்வாசகம் குறையுள்ள பொருளைப் பொறுத்தவரை வெறும் மையே. அதற்காக, நிறம் பிடிக்கவில்லை, பக்கத்துக் கடையில் விலை குறைவு என்று சொல்லி நல்ல பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையைச் சட்டம் தந்துவிட்டதாக எண்ணலாகாது. அது கடைக்காரரின் பெருந்தன்மையைப் பொறுத்தது. மூன்று திங்கள் புழங்கிவிட்டுக் குறையை இட்டுக்கட்டுவோரும் நம்மிடையே இருக்கின்றனர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

முறையீடு செய்யவேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எங்கிருப்பினும், வாங்கியவர் வாழும் மாவட்டத்திலேயே முறையிடலாம் என்பது புதிய சட்டம் தந்த பெரிய வசதி. கொடுத்த விலை ஐந்து இலட்சம் ரூபாய் வரையாயின் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வேண்டுவது கட்டாயமன்று. காலக்கெடு இரண்டாண்டு. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைத்தும் குறையைக் கூறலாம்.

நான் ஆணையம் வரை செல்ல நேரவில்லை. கடைக்காரருக்குத் தமிழில் ஒன்றரைப் பக்கக் கடிதம் எழுதினேன். வாங்கிய நாள், கொடுத்த தொகை, சீட்டில் அவர் கையால் எழுதிய ‘தேக்கு’ என்னும் சொல், கைப்பேசியில் பணம் சென்றதற்கான பதிவு, பொருமிய பலகையின் நிழற்படங்கள் ஆகியவற்றைக் குறித்தேன். கட்டில் கால் பிளந்தது எங்கள் தவறு என்பதையும் மறைக்காமல் எழுதினேன். 30 நாள் கெடுவும் 47ஆம் உட்பிரிவும் இறுதிப் பத்தியில் இடம்பெற்றன. வசைச்சொல் ஒன்றும் இல்லை. ஒப்புகை அட்டையோடு பதிவஞ்சலில் அனுப்பினேன். (தனிப் பதிவஞ்சல் 2025இல் விரைவஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது, இப்போது அனுப்புவோர் விரைவஞ்சலில் அனுப்பிச் சேர்ந்ததற்கான சான்றைப் பெற்று வைத்துக்கொள்ளலாம்.)

பதினாறாம் நாள் தொலைபேசி ஒலித்தது. அலமாரியை எடுத்துக்கொண்டனர். வண்டி வாடகை 1,500 ரூபாயைக் கழித்துக்கொண்டு 28,500 ரூபாய் தந்தனர். அவ்வாடகையையும் கேட்டிருக்கலாம் என நண்பர்கள் கடிந்தனர். எனக்குப் போதும் என்று தோன்றிற்று. கட்டிலுக்கு 7,000 ரூபாய் குறைத்துக் கொடுத்தனர். ஹஜ்ரத் சொன்ன பாகுபாடும் கடைக்காரர் இசைந்த தீர்வும் ஏறத்தாழ ஒன்றாக அமைந்தன.

சம்பந்தி வீட்டு வாசலில் வண்டி நின்ற அன்று ஊர் என்ன பேசிற்று? அவ்வீட்டு அம்மையார், தாம் இரண்டாண்டுகளுக்கு முன் வாங்கிய சோபாவின் சீட்டை எடுத்து வந்து, இதற்கும் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். இரண்டாண்டு கடந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

இந்நிகழ்ச்சிக்குப்பின் என் துறையைப் பற்றியே எனக்கு மனக்குறை உண்டாயிற்று. பகுதி ஒன்று தமிழில் நாம் கடிதம் எழுதக் கற்பிக்கிறோம். பாராட்டுக் கடிதம், விடுப்புக் கடிதம், நண்பனுக்குச் சுற்றுலா பற்றிய கடிதம் எல்லாம் உண்டு. ஏமாற்றப்பட்டவன் தன் வழக்கை நாள், தொகை, சான்று என வரிசைப்படுத்திச் சினமின்றிச் சொல்லும் கடிதத்தை நாம் கற்பிப்பதில்லை. பட்டம் பெற்ற மாணவன் அதற்காகத் தட்டச்சு நிலையத்தாரிடம் போய் நிற்கிறான். தமிழகக் கல்லூரிகள் பலவற்றில் குடிமக்கள் நுகர்வோர் மன்றங்கள் இயங்குகின்றன. டிசம்பர் 24 தேசிய நுகர்வோர் நாளில் அவை கட்டுரைப் போட்டி வைத்துப் பரிசளிப்பதோடு நின்றுவிடாமல், மஹல்லாவிலும் தெருவிலும் மெய்யாகவே ஏமாந்த ஒருவருக்கு மெய்யான ஒரு கடிதத்தைத் தமிழ்த்துறை மாணவர் எழுதிக்கொடுக்கச் செய்யலாம். மதிப்பெண்ணும் தரலாம். ஜமாஅத்துப் பெரியோரும் நிக்காஹ் பேச்சில் சீர்ப்பொருளின் விலையைக் கேட்பதற்கு மாறாக, அதற்குப் பில் வாங்கினீர்களா என்று கேட்கலாம். சீர் கேட்பதே கூடாது என்பது என் கருத்து. அஃது இன்னொரு மலருக்குரிய கட்டுரை.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட மனமில்லை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இத்தகைய கைவினைஞர் வாழும் மாவட்டத்தில் நான் தேக்குப்படம் ஒட்டிய தூள்பலகையைத் தேடிச் சென்று வாங்கினேன். பிளந்த கட்டிற்காலையும் பொருமிய தலைமாட்டையும் பின்னர் உள்ளூர் ஆசாரி ஒருவர் வேப்பமரம் கொண்டு மாற்றிக் கொடுத்தார். இரண்டு நாள் வேலை, 3,200 ரூபாய். பட்டறிவு பெற்றுவிட்டவனாகையால் அவரிடம் பில் கேட்டேன். ‘பில்லா? நான் இங்கதான இருக்கேன் பாய், கால் ஆடுச்சுன்னா கூப்புடுங்க’ என்றார். வற்புறுத்தியதும், பேரன் பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, தேதியும் தொகையும் ‘வேம்பு’ என்ற சொல்லும் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார்.