பெயர்ப் பிழையும் பொறிப் பிழையும்

சிவகாசி வட்டாரத்தில் 'மருந்து' என்பது நோய்க்குரியது மட்டுமன்று. வெடிக்குள் செலுத்தும் தூளும் மருந்தே. தமிழில் அச்சொல்லை எழுத ஒரே வழிதான் உண்டு. உரோம எழுத்தில் எழுதப் புகுவாரோ, ஈற்றிலுள்ள தகரத்திற்கு ஆங்கிலத்தின் நான்காம் எழுத்தைத் தனியே இடுவர். அதனோடு எட்டாம் எழுத்தைச் சேர்ப்பர். அன்றி இருபதாம் எழுத்தோடு எட்டாம் எழுத்தை இணைப்பர். ஒரு மருந்து மூன்று மருந்தாயிற்று! குழியும் குளியும் கூலியுமோ அவ்வெழுத்தில் ஒன்றாகிவிடும். ஒன்று பலவாகவும் பல ஒன்றாகவும் மயங்கும் இவ்வெழுத்தில்தான் நம் கணக்கறைகள் பல, தரவுத்தள அட்டவணைகளுக்குப் பெயரிடுகின்றன.

விளைவு யாது? ஒருவர் ஒரு வகையாற் பெயரிட்ட அட்டவணையை மற்றொருவர் வேறு வகையால் வினவின், 'அத்தகைய அட்டவணை இல்லை' எனக் கணினி கைவிரிக்கும். அதுவேனும் நன்று, பிழை வெளிப்பட்டது. இரு பெயரிலும் இரண்டு அட்டவணைகள் இருந்துவிட்டாலோ கணினி வாய் திறவாது. பழைய இருப்பையே இன்றைய இருப்பெனக் காட்டும். உரிமத்தில் குறித்த அளவிற்கு மேல் மருந்து சேர்ந்திருப்பதை அக்கணக்கு மறைக்குமாயின், எரிவது கணக்கர் கையன்று. அறைக்குள் அமர்ந்து மருந்து செலுத்தும் தொழிலாளர் உடல்!

ஆங்கிலச் சொல்லையே பெயராக்கினால் வேறொரு கேடு. சரக்குக் கேட்பிற்கு 'ஆர்டர்' என்றும், வெடி வகைக்குக் 'குரூப்' என்றும் பெயரிடுவர். அவை வினவல்மொழி தனக்கென ஒதுக்கிக்கொண்ட ஏவற்சொற்கள். பெயரை ஏவலென மயங்கிய கணினி, தொடரமைப்புப் பிழையென்று நின்றுவிடும். மேற்கோட்குறி போன்ற அடைப்புக்குள் இட்டால் நடக்கும். ஆயின் வினவுமிடந்தோறும் இட்டாக வேண்டும். 'கேட்பு', 'வெடிவகை' எனத் தமிழில் பெயரிடின் அம்மயக்கத்திற்கே இடமில்லை. மை-எசுகியூஎல், போசுட்கிரெசு ஆகிய தரவுத்தளங்கள் தமிழெழுத்துப் பெயர்களை ஏற்கின்றன. அங்ஙனமிருந்தும் 'கணினிக்குத் தமிழ் ஆகாது' என்பது அறியாமை. அன்றேல் அடிமை மனம்.

தமிழ்ப் பெயருக்கும் பேணுதல் வேண்டும் என்பதை மறுப்பார் இலர். 'கொள்முதல்' என்பதன் முதலெழுத்தை ஒருங்குறியில் ஒற்றை உயிர்க்குறியாலும் அமைக்கலாம்; கொம்பும் காலுமாகப் பிரித்தும் அமைக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு! ஆகலின் இயல்பாக்கிய ஒரே வடிவைக் கொள்க. போசுட்கிரெசு, தன் இயல்பமைப்பில், 63 பைட்டுக்கு மேற்பட்ட பெயரைத் தறித்துவிடும். தமிழ்க்குறி ஒவ்வொன்றும் ஒருங்குறியின் எட்டுத்துணுக்கு வடிவில் 3 பைட்டு கொள்ளும். புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படும். எனவே 21 குறிக்குள் பெயரை முடிக்க. இவை மொழியின் குறையல்ல. அறிந்து ஒழுகத்தக்க நெறிகள்.

மாறும் பெயரையும் அட்டவணைக்கு இடலாகாது. விருதுபட்டி 1923-இல் விருதுநகராயிற்று. 1985-இல் காமராசர் பெயரால் அமைந்த மாவட்டம் 1997-இல் விருதுநகர் மாவட்டமாயிற்று. மாவட்டப் பெயரை அட்டவணையின் பெயராக்கினால், மாறுந்தோறும் வினவல்கள் அனைத்தும் முறியும். அட்டவணைக்குள் ஒரு செய்தியாக வைத்தால், ஓரிடத்தில் திருத்தினாற் போதும். 2020 சூன் திங்களில் 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் திருத்தித் தமிழ்நாட்டரசு வெளியிட்ட ஆணை, சில நாள்களிலேயே மீளப் பெறப்பட்டது. அயலெழுத்தில் தமிழ்ப்பெயர் நிலைகொள்ளாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

வெடித்தொழில் நடத்துவோரே! கணினி கற்ற இளைஞரே! மருந்தை மருந்தென்றே எழுதுக. பெயர் தெளிந்தால் கணக்குத் தெளியும். கணக்குத் தெளிந்தால் உயிர் காக்கப்படும்.