பழைய துணி வாங்குவது கேவலமா?

வெள்ளிக்கிழமை தோறும் பல்லாவரத்தில் சந்தை கூடுகிறது. பழைய நாற்காலி, பழைய மிக்சி, பூச்செடி, புறா என்று கிடைக்காத சாமான் இல்லை. அந்தச் சந்தையில் தார்ப்பாய் விரித்துப் பழைய துணியையும் குவித்து வைத்திருக்கிறார்கள். பேண்ட், சட்டை, சேலை, குழந்தைகளுக்குக் கவுன் எல்லாம் உண்டு. குனிந்து பொறுக்கத் தெரிந்தால் நல்ல சரக்கு கிடைக்கும்.

கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் வாங்குகிறவர் முகத்தைப் பாருங்கள். ஒரு சங்கடம் தெரியும்! தெரிந்தவர் யாராவது எதிரே வந்துவிட்டால், கையில் எடுத்த சட்டையைக் கீழே போட்டுவிட்டு மெல்ல நழுவிவிடுகிறார்.

எதற்கு இந்த வெட்கம்? அவர் திருடினாரா? கடன் சொன்னாரா? கைக்காசைக் கொடுத்து, பேரம் பேசி வாங்குகிறார். இதில் கேவலம் எங்கே வந்தது?

யார் வாங்குகிறார்கள்?

கட்டிட வேலைக்குப் போகிறவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு சிமெண்ட் சுமக்க முடியுமா? பெயிண்டர் புது பேண்டில் ஏணி ஏறுவாரா? நேர்முகத் தேர்வுக்குப் போகும் பையனுக்கு ஒரே ஒரு முழுக்கைச் சட்டை வேண்டும். இரண்டு மாதத்தில் வளர்ந்துவிடும் குழந்தைக்கு ஒரு கவுன் வேண்டும். ஜவுளிக்கடையில் ஒரு புதுச் சட்டைக்கு ஆகும் பணத்தில், பிளாட்பாரத்தில் மூன்று நான்கு சட்டை எடுத்துவிடலாம். மாதக் கடைசியில் இந்தக் கணக்கு புரியாத குமாஸ்தா உண்டா?

எங்கிருந்து வருகிறது?

"பழைய துணிக்குப் பாத்திரம்!" என்று தெருவில் குரல் கேட்காத வீடு இல்லை. அய்யாவின் பேண்ட் நாலு, அம்மாவின் புடவை மூன்று போட்டால் ஒரு எவர்சில்வர் டப்பா. "இன்னும் ஒரு சட்டை போடும்மா", "ஏற்கனவே நிறையப் போட்டாச்சு, பெரிய டப்பாவா கொடு" என்று அரை மணி நேரம் வழக்கு நடக்கும். பட்டுப் புடவை என்றால் அது தனி வியாபாரம். பழைய அசல் ஜரிகையை உருக்கினால் வெள்ளி கிடைக்கும்.

வாங்கிய துணியைத் தரம் பிரிக்கிறார்கள். கிழியாததைத் துவைத்து, பட்டன் தைத்து, ஜிப் மாற்றி, இஸ்திரி போட்டு விற்பனைக்கு அனுப்புகிறார்கள். கிழிந்த பருத்தித் துணி மெக்கானிக் ஷெட்டுக்கும் அச்சாபீசுக்கும் எண்ணெய் துடைக்கப் போகிறது. அரியானா மாநிலம் பானிப்பட்டில், வெளிநாட்டிலிருந்து வரும் பழைய கம்பளி உடுப்புகளைக் கிழித்து, நூலாக்கி, போர்வையே நெய்துவிடுகிறார்கள்!

நாம் மூட்டை கட்டிப் பரண்மேல் போடும் துணியில் பாத்திரக்காரி, மொத்த வியாபாரி, தையல்காரர், இஸ்திரிக்காரர், பிளாட்பாரக் கடைக்காரர் என்று எத்தனையோ குடும்பங்கள் அடுப்பு மூட்டுகின்றன. போகி நெருப்பில் போட்டால் மிஞ்சுவது புகைதான்.

சும்மா கொடுத்தால் என்ன?

"ஏழைகளுக்குச் சும்மா கொடுத்துவிட்டுப் போகலாமே, விற்பானேன்?" என்று சிலர் கேட்கலாம். தாராளமாகக் கொடுக்கட்டும். ஆனால் எப்படிக் கொடுக்கிறோம்?

2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது. நாடே பதறிப்போய் நாகப்பட்டினத்துக்கு லாரி லாரியாகத் துணி அனுப்பியது. நடந்தது என்ன? துணிகள் சாலையோரத்தில் மலையாகக் குவிந்து கிடந்தன. கிழிசலும் அழுக்குமாக வந்ததை மீனவ மக்கள் தொடவில்லை. வீட்டையும் படகையும் இழந்தவர்கள், மானத்தை இழக்கவில்லை!

இதுதான் விஷயம். சும்மா கொடுத்தால், கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். காசு கொடுத்தால், "இந்தக் கலர் வேண்டாம், அதை எடு" என்று சொல்லலாம். ஐம்பது ரூபாய் கொடுத்து வாங்குகிறவர் துணியை மட்டும் வாங்கவில்லை, பொறுக்கி எடுக்கும் உரிமையையும் சேர்த்து வாங்குகிறார். அவரைப் பார்த்து முகம் சுளிக்க யாருக்கு என்ன உரிமை?

இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். இப்போது கல்லூரிப் பிள்ளைகள் செல்போனிலேயே பழைய துணி வாங்குகிறார்கள். அதற்குப் பெயர் "திரிப்ட்"டாம்! செல்போனில் வாங்கினால் நாகரிகம், தார்ப்பாயில் வாங்கினால் தரித்திரமா? நல்லா இருக்கிறது நியாயம்!

வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை

பழையதைப் பழையது என்று சொல்லி விற்க வேண்டும். துவைத்து மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, "எக்ஸ்போர்ட் சரக்கு சார், புதுசு" என்று தலையில் கட்டக் கூடாது. பழைய சரக்கைப் புதியது என்று சொல்லி விற்பது, 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்.

வாங்குகிறவர்களும் கண்ணைத் திறந்து வாங்க வேண்டும். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நைந்த இடம் தெரிந்துவிடும். காலர் மடிப்பு, அக்குள் தையல், பேண்ட் என்றால் ஜிப், முழங்கால், உட்காரும் இடம், இவ்வளவும் பார்த்த பிறகு விலை கேளுங்கள். "யார் போட்டதோ, என்ன நோயோ" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. சொறி உண்டாக்கும் பூச்சி, மனித உடம்பை விட்டு வந்தால் பொதுவாக இரண்டு மூன்று நாளைக்கு மேல் பிழைப்பதில்லை. நல்ல சுடுதண்ணீரில் ஊறவைத்துத் துவைத்து, வெயிலில் காயப்போட்டு உடுத்தினால் பயம் தேவையில்லை.

அதிகாரிகள் கவனிப்பார்களா?

பிளாட்பாரத்தில் துணி விற்பவருக்குத் தீபாவளியும் பொங்கலும்தான் நாலு காசு பார்க்கும் காலம். "கடையை எடு" என்று விரட்டும் காலமும் அதுவாக இருந்தால் அவர் எப்படிப் பிழைப்பார்?

தெரு வியாபாரிகளுக்கென்று 2014-ம் ஆண்டிலேயே மத்திய அரசு சட்டம் கொண்டு வந்துவிட்டது. கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அகற்றக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். இடம் மாற்றுவதானால் 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். சரக்கைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். துணி போன்ற கெட்டுப்போகாத சரக்கை, உரியவர் கட்டணம் கட்டிக் கேட்டால், இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். லாரியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போவது சட்டம் அல்ல.

பாதசாரிகளுக்கு நடக்க வழி வேண்டும், மறுக்கவில்லை. அதற்காகத்தான் கேட்கிறோம்: வட்டத்துக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள். தலைக்கு மேல் கூரை, ஒரு தண்ணீர்க் குழாய், பெண்கள் துணியைப் போட்டுப் பார்க்க ஒரு மறைப்பு, இவ்வளவு போதும். கோடிக் கணக்கில் செலவாகாது.

பொதுமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய துணியை யாருக்குக் கொடுத்தாலும் துவைத்துக் கொடுங்கள். நீங்கள் உடுத்தக் கூசுவதை அடுத்தவர் தலையில் கட்டாதீர்கள்.

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்றார்கள் பெரியவர்கள். கசக்கச் சொன்னார்களே தவிர, வெட்கப்படச் சொல்லவில்லை!