கொடி அசைக்க மட்டும்தானா?



உங்க காலேஜ்ல சைக்கிள் பேரணி நடந்திருக்கும்தானே? எல்லோருக்கும் ஒரே கலர் டி-ஷர்ட், தலையில் தொப்பி. காலையில் ஆறு மணிக்கே கூட்டம் சேர்ந்திருக்கும். பிரின்சிபால் கொடி அசைக்க, மணி அடிச்சுக்கிட்டே கிளம்பியிருப்பீங்க. இப்போ ஒரு கேள்வி. கால் தாங்கி நடக்கிற உங்க கிளாஸ்மேட் அன்னிக்கு எங்கே இருந்தான்? பார்வை இல்லாத அந்த ஹாஸ்டல் தோழி?

'பாவம், அவங்களால எப்படி முடியும்?'னு நாமே முடிவு பண்ணிட்டோம். ரொம்ப நல்ல மனசு இருந்தா, மேடையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வெச்சோம். கொடியைக் கையில் கொடுத்து அசைக்கச் சொன்னோம். கைதட்டினோம். சைக்கிளில் மட்டும் ஏத்தலை!

முடியுமா, முடியாதா? பதில் ஸ்ரீநகரில் இருந்து கன்னியாகுமரி வரைக்கும் ரோட்டில் எழுதப்பட்டிருக்கு. 2020 நவம்பர் 19-ம் தேதி ஸ்ரீநகரில் கிளம்பியது 'இன்ஃபினிட்டி ரைடு'. எல்லைப் பாதுகாப்புப் படையோடு சேர்ந்து இதை நடத்தியது ஹைதராபாத்தின் ஆதித்யா மேத்தா அறக்கட்டளை. விபத்தில் ஒரு காலை இழந்த பிறகு சைக்கிளைக் கையில் எடுத்து, 2013 ஆசிய பாரா சைக்கிள் போட்டியில் இரண்டு வெள்ளி வென்றவர் ஆதித்யா மேத்தா. மாற்றுத்திறனாளி வீரர்களின் பயிற்சிக்கு நிதி திரட்டுவதுதான் பயணத்தின் நோக்கம். டிசம்பர் 31 அன்று குமரிக் கடலைத் தொட்டுவிட்டார்கள்.

அந்தக் குழுவில் ஒருவர் தான்யா டாகா. மத்தியப் பிரதேசப் பெண். உங்களை மாதிரியே ஸ்டூடன்ட், எம்.பி.ஏ. படிக்கும்போது 2018-ல் நடந்த கார் விபத்தில் ஒரு காலை இழந்தவர். பயணத்தின் நடுவில் அப்பா இறந்த செய்தி வந்தது. ஊருக்குப் போனார். காரியங்கள் முடிந்ததும், வீட்டோடு உட்கார்ந்துவிடவில்லை. திரும்பி வந்து சைக்கிளில் ஏறினார். ஏறத்தாழ 2,800 கி.மீ. மிதித்திருக்கிறார், ஒற்றைக் காலால்!

'அதெல்லாம் அசாத்திய மனுஷங்க சார்'னு நழுவாதீங்க. மன உறுதி பாதி. மீதிப் பாதி சைக்கிளில் இருக்கு. ஒரு காலால் ஓட்டுபவருக்கு, ஷூவைப் பெடலோடு பிடித்துக்கொள்ளும் கொக்கி போதும். கீழே மிதித்த அதே கால், பெடலை மேலேயும் இழுத்துவிடும். இரண்டு காலும் இயங்காதவர்களுக்குக் கையால் சுற்றுகிற மூன்று சக்கர ஹேண்ட் சைக்கிள். பார்வை இல்லாதவர்களுக்கு டாண்டம். அதாங்க, கொடைக்கானல் ஏரியைச் சுற்றி வாடகைக்கு எடுத்து ஜோடியா ஓட்டுவீங்களே, அதேதான்!

டாண்டத்தில் ஒரு விசேஷம். முன்னால் இருப்பவர் ஹேண்டில்பாரைப் பிடிக்கிறார். 'வளைவு வருது', 'பள்ளம்', 'பிரேக் போடறேன்' என்று வாய் ஓயாமல் சொல்லணும். ஆனால் பின்னால் இருப்பவர் சும்மா வருகிற மூட்டை இல்லை. சாதாரண டாண்டத்தில் இரண்டு ஜோடிப் பெடலும் ஒரே செயினில் கட்டுப்பட்டவை. ஒருவர் மிதித்தால் இன்னொருவர் காலும் சுற்றியே ஆகணும். மேட்டில் ஏறும்போது பின்சீட்டுக்காரர் அசந்தால் முன்னால் இருப்பவருக்கு மூச்சு வாங்கிடும். இதில் யார் யாருக்கு உதவி பண்றாங்க, சொல்லுங்க பார்ப்போம்?

நம்ம ஊருக்கு இது புதுசும் இல்லை. 'பொம்பளைக்கு எதுக்கு சைக்கிள்?'னு கேட்ட காலம் ஒன்று இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது, ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். அவர்களை யாராவது கொடி அசைக்க மட்டும் கூப்பிட்டிருந்தால்?

அதனால, அடுத்த பேரணிக்கு மீட்டிங் போடும்போது ஒரு வேலை செய்யுங்க. அந்த நண்பனையும் தோழியையும் கமிட்டியிலேயே சேருங்க. 'வர்றியா? எப்படி வந்தா உனக்கு வசதி?'னு நேரா கேளுங்க. 'இஷ்டமில்லை'ன்னா விட்டுடுங்க, அதுவும் அவங்க உரிமை. 'வர்றேன்'னா, டி-ஷர்ட் பிரிண்ட் செய்கிற காசில் கொஞ்சம் மிச்சம் பிடிச்சு ஒரு டாண்டத்துக்கு ஏற்பாடு பண்ணுங்க. பேரணிக்கு முன்னாடி காலேஜ் கிரவுண்டில் நாலு நாள் பழகுங்க. முதல் நாள் ரெண்டு பேரும் சேர்ந்து விழுவீங்க. பரவாயில்லை... சேர்ந்துதானே!

கொடி அசைக்க ஆள் வேணுமா? அதான் பிரின்சிபால் இருக்காரே!

அடுத்த வாரம் மீட் பண்ணுவோம்.